மவுண்ட்: ‘ஏற்று’ போதவில்லை, ‘கொளுவு’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

‘மவுண்ட்’ என்ற கணினிக் கட்டளைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வேடிக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் இந்தச் சொல்லாலேயே நானும் அப்பாவும் தொலைபேசியில் முட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

அப்பாவின் பழைய மேசைக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். 240 ஜிபி எஸ்எஸ்டியில் இயங்குதளம், ஏற்கெனவே இருந்த 1 டிபி வன்தட்டில் குடும்பப் படங்கள், மேலே எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம். எழுத்தைப் பெரிதாக்கி, பட்டையைக் கீழே இறக்கி, இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றி வைத்தேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. மறுநாள் பென்டிரைவைச் செருகியபோது ‘ஏற்ற முடியவில்லை’ என்று ஒரு பெட்டி வந்து நின்றிருக்கிறது. “எதைடா ஏத்தணும்? எதுல ஏத்தணும்? நான்தான் சொருகிட்டேனே!” என்றார்.

கேட்டதில் தப்பே இல்லை. செருகுவது கை செய்யும் வேலை. அதற்குப் பிறகு, செருகிய வட்டில் உள்ள கோப்பு முறைமையை (கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் அமைப்பை) ஓர் அடைவின், அதாவது கோப்புறையின், வழியாகப் பார்க்கும்படி செய்வது இயங்குதளத்தின் கருவான கெர்னலின் வேலை. மவுண்ட் என்கிற இந்த இரண்டாவது வேலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். ‘ஏற்று’ ஏற்கெனவே பக்கம் ஏற்றுகிறது, நிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது, ‘பதிவேற்று’ என்று வலைக்கும் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது. இதற்கு மேலும் அதன் தலையில் சுமையா? இழையில் வந்த மற்ற யோசனைகளுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

> ‘மவுண்ட்’ என்றே விட்டுவிடலாமே? எல்லோருக்கும் புரிகிறது.

இந்தக் குழுமத்தில் இருக்கும் எல்லோருக்கும் புரிகிறது, சரி. மவுண்ட் என்றால் அப்பாவுக்கு மவுண்ட் ரோடு, அப்புறம் பரங்கிமலை.

> ‘மாட்டு’, ‘கழற்று’ என்று வைத்தால் எளிமை. ஆங்கிலத்திலும் அது கையால் செய்த வேலைக்கான சொல்தானே?

வரலாறு சரிதான். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு 1971இல் வெளிவந்த முதல் கையேட்டிலேயே ‘மவுண்ட்’, அதன் எதிர்வேலைக்கான ‘யுமவுண்ட்’ இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன. (ஆங்கிலத்தில் வர வேண்டிய ஒரு ‘என்’ எழுத்தை அன்றைக்கே விழுங்கிவிட்டார்கள். இன்றும் அந்த எழுத்தைச் சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு, நான் உட்பட.) அந்தக் காலத்தில் வட்டுத் தொகுப்பு பெரிய தட்டு போல இருக்கும். அதைத் தூக்கி இயக்கியில் பொருத்திய ஆளே கட்டளையையும் கொடுப்பார். கைவேலைக்கும் கட்டளைக்கும் ஒரே சொல் போதுமாக இருந்தது.

இன்றைக்கு அந்தச் சேர்க்கையால்தான் சேதம். ‘மாட்டு’ என்றால் யாரும் யூஎஸ்பி துளையைத்தான் நினைப்பார்கள், ‘கழற்று’ என்றால் பிடித்து இழுப்பார்கள். நகலெடுத்தது முடிந்ததாகத் திரை சொன்னாலும், தரவில் ஒரு பகுதி இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், மாறிய தரவு சுமார் 30 வினாடி பழையதான பிறகுதான் கெர்னல் அதைக் கட்டாயமாக வட்டில் எழுதக் கிளம்புகிறது. அதற்குள் பிடுங்கினால் படத்தின் பெயர் இருக்கும், படம் இருக்காது. ஆகவே நாம் சொல்ல வேண்டியது “முதலில் … செய், பிறகு கழற்று” என்பது. புள்ளி வைத்த இடத்திலும் ‘கழற்று’ வந்தால் வாக்கியம் செத்துவிடும்.

> ‘பூட்டு’, ‘அவிழ்’. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். மாடு கொட்டிலில் நின்றால் போதுமா, நுகத்தில் பூட்டினால்தானே வண்டி நகரும்?

படித்ததும் மயங்கிவிட்டேன். செருகிய வட்டு கொட்டிலில் நிற்கும் மாடு, மவுண்ட் ஆன வட்டு நுகத்தில் பூட்டிய மாடு. இதைவிட நல்ல உவமை இந்த இழையில் வரவில்லை. ஆனால் கணினியில் ‘பூட்டு’ என்றால் திரைப்பூட்டு. மறையாக்கம் செய்த வட்டில் முதலில் கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்து, அதன் பிறகே மவுண்ட் செய்ய வேண்டும். அங்கே செய்தி எப்படி வரும்? “பூட்டைத் திறந்து பூட்டவும்.” அப்பா மறுபடி அழைப்பார்.

> ‘ஒட்டு’. மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது போல.

கருத்தளவில் இதுதான் மூலத்துக்கு மிக அருகில் இருக்கிறது. யூனிக்ஸை உருவாக்கிய ரிட்சியும் தாம்சனும் 1974இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையில், மவுண்ட் என்பது மரத்தின் ஓர் இலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முழுக் கிளை மரத்தையே வைப்பது போல என்றுதான் விளக்கினார்கள். ஆனால் வெட்டு, நகலெடு, ஒட்டு என்று மூன்றும் பட்டியில் நிலைத்துவிட்டன. அதை இனி யாரும் அசைக்க முடியாது. ‘இணை’யைப் பற்றிப் பேசவே வேண்டாம்: வலை இணைப்பு, மின்னஞ்சல் இணைப்பு, பக்க இணைப்பு. பாவம், அதற்கு ஓய்வு கொடுங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒற்றை வரியில் போட்டுவிட்டுப் போன ‘கொளுவு’க்கு வருகிறேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. சட்டையை ஆணியில் கொளுவுவது, கொக்கியில் கொளுவுவது என்று அங்கே புழங்குகிற சொல். ‘கொள்’ என்பதன் பிறவினை அது, கொள்ளச் செய்தல். ஓர் அடைவை இன்னொரு கோப்பு முறைமையைக் கொள்ளச் செய்கிறோம் என்றால் நம் வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இது ஏறக்குறைய இல்லை என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. கை செய்யும் வேலைக்கு ‘மாட்டு’, ‘செருகு’ இருக்க, இந்தச் சொல் கெர்னலுக்கென்று தனியே நிற்கும்.

எனக்கு இதில் இன்னொரு கணக்கும் தீர்ந்தது. சில மாதங்களுக்கு முன் என் கணினியில் வன்தட்டு மவுண்ட் ஆகாமலே இருந்ததைக் கவனிக்காமல், அது வர வேண்டிய ‘படங்கள்’ அடைவுக்குள் 60 ஜிபி படங்களை நகலெடுத்தேன். எல்லாம் எஸ்எஸ்டியில் போய் உட்கார்ந்துவிட்டன. பிறகு வன்தட்டு மவுண்ட் ஆனதும் அந்தப் படங்கள் கண்ணில் இல்லை. எஸ்எஸ்டியோ நிரம்பி வழிகிறது. ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அழியவில்லை. மவுண்ட் ஆனது அடைவின் பழைய உள்ளடக்கத்தை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வன்தட்டின் மவுண்டை எடுத்ததும் படங்கள் அப்படியே இருந்தன. ஆணியில் சட்டையைக் கொளுவினால் ஆணி தெரியாது அல்லவா? ‘ஏற்று’ இதைச் சொல்லாது. ‘பொருத்து’ம் சொல்லாது.

எதிர்ச்சொல்லுக்கு ‘விடுவி’. “முதலில் விடுவித்து, பிறகு கழற்றுங்கள்.” ஏதாவது ஒரு நிரல் அந்த வட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் “வட்டு பயன்பாட்டில் உள்ளது, விடுவிக்க முடியவில்லை” என்று வரும். உறுத்தவில்லை.

நிறுவும்போது டெபியன் கேட்கிற ‘மவுண்ட் பாயிண்ட்’டுக்கு (எந்த அடைவில் மவுண்ட் செய்வது என்பதற்கு) முதலில் ‘கொளுவிடம்’ என்று எழுதினேன். வீட்டில் வாசித்துக் காட்டினால் “யாருக்கு விஷம்?” என்கிறார்கள். தங்குமிடம் போல ‘கொளுவுமிடம்’ என்று வைத்தால் விடம் போய்விடுகிறது. தொடக்கத்தில் எதை எங்கே கொளுவ வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு ‘கொளுவல் அட்டவணை’ ஆகலாம். அந்தக் கோப்பில் வன்தட்டுக்கு ஒரு வரி எழுதும்போது ‘நோஃபெயில்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், வட்டைக் கழற்றி வைத்த அன்று கணினி 90 வினாடி அதற்காகக் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நிற்கும். இது கலைச்சொல் இழை, தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஒரே ஒரு தயக்கம். அங்கே ‘கொளுவல்’ என்றால் சச்சரவு என்றும் பொருள் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், ‘அவனோடு கொளுவிவிட்டான்’ என்பது போல. அட்டவணைக்கு அந்தப் பெயரை வைத்தால் ஈழத்து வாசகர் சிரிப்பாரா? (என் எஃப்எஸ்டேப்பைப் பார்த்தால் சண்டைப் பட்டியல் என்பதும் பொருந்தும்தான்.) ‘வட்டு கொளுவப்பட்டது’ என்று செயப்பாட்டில் எழுதினால் காதுக்கு எப்படி இருக்கிறது, அல்லது ‘கொளுவியாயிற்று’ என்பதுதான் இயல்பா? யாழ்ப்பாணத்து நண்பர்தான் சொல்ல வேண்டும். அதுவரை அப்பாவின் கணினியில் மட்டும் கோப்பு மேலாளரின் மொழிபெயர்ப்பில் ‘கொளுவு’, ‘விடுவி’ என்று மாற்றி ஓடவிட்டிருக்கிறேன். இரண்டு நாளாக அழைப்பு வரவில்லை. பென்டிரைவைத் தொட்டாரா என்று இன்னும் கேட்கவில்லை.