மூளை லிம்ஃபோமா: ஸ்டீராய்டு ஊசிக்கு முன் திசு, மருந்து ஏறினால் சிறுநீர்

நரம்பியல் மருத்துவர்:

"ரெண்டு வாரமா அப்பா சரியாப் பேசறதில்லை, சுவரைப் பிடிச்சுத்தான் நடக்கிறார்" என்று பிள்ளைகள் அழைத்து வருவார்கள். வயது பெரும்பாலும் அறுபதை ஒட்டி இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் ஆழத்தில், நீரறைகளின் ஓரத்திலோ, இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்திலோ கட்டி தெரியும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியதும் முழுக்க ஒரே சீராக ஒளிரும். திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படத்திலும் பளிச்சென்று நிற்கும். இப்படிப் படம் வந்தால் லிம்ஃபோமா, அதாவது வெள்ளணுக்களில் தொடங்கும் புற்றுநோய், நினைவுக்கு வந்தாக வேண்டும். திசு எடுக்கும்வரை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் போடக் கூடாது.

மூளைக்கட்டி என்றாலே டெக்ஸா எழுதுவது கைப்பழக்கம். மற்ற கட்டிகளில் அது சுற்றியுள்ள வீக்கத்தை மட்டும் வற்ற வைக்கும். லிம்ஃபோமாவில் புற்றுச் செல்களையே கொன்றுவிடும். சில நாளில் நோயாளி எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவார், வீட்டில் எல்லாருக்கும் உயிர் வரும். மறு படத்தில் கட்டி பாதியாகியிருக்கும், சிலருக்குக் காணவே காணாது. அந்த நேரத்தில் பயாப்ஸி எடுத்தால் ஊசியில் வருவது செத்த செல்லும் தழும்பும்தான், நோயின் பெயர் கிடைக்காது. பிறகு அது திரும்பி வரும்.

நம் ஊரில் இதில் இன்னொரு குழி இருக்கிறது. மூளையில் காசநோய்க் கட்டியாக இருக்கலாம் என்று காசநோய் மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துத் தொடங்குவார்கள். ஸ்டீராய்டால் வந்த முன்னேற்றம் காசநோய் மருந்தால் வந்ததாகத் தோன்றும். ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்க மயக்கமும் தள்ளாட்டமும் திரும்பினால், மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் லிம்ஃபோமாவை நினையுங்கள்.

மூளை அழுத்தம் ஏறி நினைவு மங்கிக்கொண்டே போகிறவருக்கு டெக்ஸாவைத் தள்ளிப்போடக் கூடாது, அங்கே உயிர்தான் முதல். ஏற்கெனவே பல நாள் போட்டாகிவிட்டது என்றால் சட்டென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்து, அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. பார்த்து, கட்டி மறுபடி தலைகாட்டியதும் திசு எடுக்க வேண்டும்.

நோயியல் மருத்துவர்:

சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். முழுக் கட்டியையும் வெட்டி எடுக்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவார்கள். இந்த நோய் ரத்தக்குழாய்களைச் சுற்றிப் படர்ந்து, படத்தில் தெரியாத இடத்திலும் இருக்கும், அதனால் முழுதாக வெட்டி எடுக்க முடியாது. படத்தை வைத்துக் குறிபார்த்துச் செலுத்தும் ஸ்டீரியோடாக்டிக் ஊசியில் கிடைக்கும் மெல்லிய திசு பரிசோதனைக்குப் போதும். பெரும்பாலானவை டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகை, செல்லின் மேல் சிடி20 என்ற புரதம் இருக்கும். அதனால்தான் அதைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தைச் சேர்க்கிறார்கள். அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம், அடங்கிக் கிடக்கும் வைரஸை ரிட்டுக்ஸிமாப் கிளப்பிவிடும். எச்.ஐ.வி. பரிசோதனை, உடல் முழுக்க பெட் ஸ்கேன், ஆண்களுக்கு விரைப்பை ஸ்கேன், பாதுகாப்பானால் முதுகுத் தண்டுநீர் ஆகியவையும் வேண்டும். கண்ணை மறக்காதீர்கள். கண்ணில் பூச்சி பறக்கிறது, மங்கலாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பவர்களின் கண்ணுக்குள்ளேயே லிம்ஃபோமா இருக்கலாம். கண் மருத்துவர் செய்யும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனையில் தெரியும்.

கீமோ வார்டு செவிலியர்:

மூட்டுவாதத்துக்கு வாரம் 15 மி.கி. மாத்திரையாகப் போகிறதே, அதே மெத்தோட்ரெக்ஸேட்தான் இங்கே முக்கிய கீமோ மருந்து, உடல்பரப்பில் சதுர மீட்டருக்கு 3.5 கிராம். உடல்பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 5.6 கிராம், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஏறும். இவ்வளவு கொடுத்தால்தான் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போகும். மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீர் அமிலமாக இருந்தால் மருந்து படிகமாகி நுண்குழாய்களை அடைத்துவிடும். சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும், மருந்து உடம்பிலேயே தங்கும், வாய் வெந்து புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும்.

அதனால் முந்தைய நாளே டிரிப் தொடங்கும், சோடியம் பைகார்பனேட் கலந்து. ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 முதல் 3 லிட்டர். சிறுநீரின் பிஹெச் (அமில-கார அளவு) 7ஐத் தொடாமல் மருந்தைத் தொங்கவிடக் கூடாது. அதன் பிறகும் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் ஸ்ட்ரிப் பார்க்க வேண்டும், இரவு இரண்டு மணி என்றாலும் எழுப்பித்தான் ஆக வேண்டும். பையில் தேங்கிய சிறுநீரில் ஸ்ட்ரிப்பை நனைத்தால் காரமாகக் காட்டி ஏமாற்றும், அப்போது கழித்ததில்தான் நனைக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம், பயம் வேண்டாம். காலையும் மாலையும் எடை பாருங்கள். உள்ளே போன அளவு வெளியே வராமல் எடை ஏறினால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

நல்ல செல்களை மெத்தோட்ரெக்ஸேட்டிடமிருந்து காக்கும் மீட்பு மருந்து லூக்கோவோரின். மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கிய நேரத்திலிருந்து 24வது மணியில் முதல் டோஸ், முடிந்த நேரத்திலிருந்து எண்ணுவது தவறு. பிறகு ஆறு மணிக்கொரு முறை, ரத்தத்தில் மெத்தோட்ரெக்ஸேட் லிட்டருக்கு 0.1 மைக்ரோமோலுக்குக் கீழே இறங்கும்வரை. ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை வேண்டாம், ஊசியாகவே போகட்டும். 24, 48, 72 மணிகளில் அளவு பார்ப்பதற்கான ரத்தத்தை மருந்து ஏறிய அதே லைனில் எடுக்காதீர்கள், பொய்யாக உயர்த்திக் காட்டும்.

மருந்தாளர்:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. லூக்கோவோரின் என்பது ஃபோலினிக் ஆசிட். ஃபோலிக் ஆசிட் மாத்திரை அல்ல. ஃபோலிக் ஆசிட் வேலை செய்யத் தேவையான நொதியைத்தான் மெத்தோட்ரெக்ஸேட் அடைத்திருக்கிறது, அதனால் அது காப்பாற்றாது. அட்மிஷனுக்கு முன்பே முழு சுழற்சிக்கான லூக்கோவோரின் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ராத்திரியில் தேடி அலையும் மருந்து அல்ல அது.

பழைய மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு நிமோனியா வராமலிருக்க கோ-ட்ரைமாக்ஸசோல் எழுதியிருப்பார்கள், வயிற்றுக்கு பான்டோபிரசோல் இருக்கும், தலைவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரூஃபெனோ. இவை எல்லாமே மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். எதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, பிறகு எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக்கும் இந்தப் பட்டியலில்தான். கோலா பானமும் வைட்டமின் சி மாத்திரையும் சிறுநீரை அமிலமாக்கும், அந்த நாட்களில் வேண்டாம். நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் மருந்து அதில் தேங்கி மெல்ல மெல்லக் கசியும், முதலில் அதை வடித்தாக வேண்டும்.

ரத்தப் புற்றுநோய் மருத்துவர்:

70 வயதுக்குள், உடல் தாங்கும் என்றால் மாட்ரிக்ஸ் என்ற நான்கு மருந்துக் கூட்டுத் திட்டம்: மெத்தோட்ரெக்ஸேட், சைட்டரபின், தையோடெபா, ரிட்டுக்ஸிமாப், மூன்று வாரத்துக்கொரு சுழற்சி, மொத்தம் நான்கு. சைட்டரபின் சதுர மீட்டருக்கு 2 கிராம், 12 மணிக்கொரு முறை, இரண்டு நாள். கண் சிவக்காமலிருக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து கூடவே போகும். ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் நோயாளியை ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நேற்றைய கையெழுத்து நேராக இருந்து இன்றையது கோணி இழுத்தால் சிறுமூளையில் மருந்து பட்டிருக்கலாம், அடுத்த டோஸை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

கட்டி அடங்கிய பிறகும் ஒரு உறுதிப்படுத்தும் சிகிச்சை வேண்டும். தலை முழுக்கக் கதிர்வீச்சும், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே (ரத்தம் உருவாக்கும் தாய்ச் செல்) எடுத்துத் திரும்ப ஏற்றும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் நோயைக் கட்டுப்படுத்துவதில் கிட்டத்தட்டச் சமம் என்று ஐ.இ.எல்.எஸ்.ஜி.32 என்ற பன்னாட்டு ஆய்வில் தெரிந்தது. ஆனால் கதிர்வீச்சுக்குப் பின் நினைவும் கவனமும் நடையும் தேய்கின்றன, வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். தகுதி உள்ளவருக்கு ஸ்டெம் செல் மாற்று என்பதே என் நிலைப்பாடு. அதற்கு முன் தருகிற உயர் அளவு தையோடெபா வியர்வையில் வெளிவரும். அந்த நாட்களில் தினம் பலமுறை வெறும் தண்ணீரில் குளிப்பாட்டி, துணியும் படுக்கை விரிப்பும் மாற்ற வேண்டும். எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம். அக்குள், தொடையிடுக்கு, பிளாஸ்திரி ஒட்டிய இடம் ஆகியவற்றில்தான் தோல் முதலில் கருத்து உரியும்.