இழை: ‘டபுள் ஏஜென்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மடல் 1 – மொழிபெயர்ப்பு ஆசிரியை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் மொழிபெயர்ப்பு வகுப்பில் இந்தப் பருவத்துக்கான பயிற்சியாக, அமெரிக்காவின் ‘கொலம்போ’ துப்பறியும் தொடரில் ஒரு பகுதிக்குத் துணைத்தலைப்பு (சப்டைட்டில்) எழுதிக்கொண்டிருக்கிறோம். 1975 நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ அது. தொடரை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: கொலை செய்தவர் யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். கசங்கிய மழையங்கியும் சுருட்டுமாக வந்து, விடைபெற்று வாசல்வரை போய், ‘இன்னும் ஒன்று’ என்று திரும்பிவரும் காவல் அதிகாரி அவரை எப்படி மடக்குகிறார் என்பதில்தான் சுவை. இந்தப் பகுதியில் கொலையாளி, ஆலோசகர் என்ற போர்வையில் வாழும் சிஐஏ ஆள். தம் மறைவாழ்க்கையை அறிந்த பழைய கூட்டாளியைக் கடற்கரையில் கொன்றுவிட்டு, வழிப்பறிபோல் தோன்றச் செய்கிறார்.

அவர் ஒரு ‘டபுள் ஏஜென்ட்’; அதாவது ஒரு தரப்பின் உளவாளியாகக் காட்டிக்கொண்டு எதிர்த்தரப்புக்கும் வேலை செய்பவர். இதற்கு என் மாணவர்கள் இரட்டை உளவாளி, இரட்டை ஒற்றன், இருமுக ஒற்றன், இருபக்க உளவாளி என்று நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஐந்தாமவர் ‘டபுள் ஏஜென்ட்’ என்றே விட்டுவிட்டார். திரையில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை, வரிக்கு 42 எழுத்துக்குறிகள்தாம். சொல்லைப் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பெரியவர்கள் வழிகாட்டுங்கள்.

மடல் 2 – ஓய்வுபெற்ற புலவர்

அம்மா, ‘இரட்டை ஒற்றன்’ என்று எழுதிய மாணவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆனால் அதை ஏற்க இயலாது. ஒற்று என்றால் மெய்யெழுத்து என்பதை நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே படிக்கிறார்கள். ‘தனிக்குறில் முன்ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்பது நன்னூல். ‘ஒற்று இரட்டிவிட்டது’ என்று திரையில் கண்டால் தமிழாசிரியர்கள் ‘கல்லெறிந்தான்’ என்று எடுத்துக்காட்டுச் சொல்லத் தொடங்குவார்கள், கொலையாளியை மறந்துவிடுவார்கள்.

விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். அதில் ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்கிறார் வள்ளுவர். ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். உண்மையில் ‘இரட்டை ஒற்று’ என்றால் அந்த இருவரைத்தான் குறிக்க வேண்டும். ‘இரட்டைப் புலவர்’ என்றால் இருவர். இரட்டைக் குழந்தை என்றாலும் இருவர். நீங்கள் சொல்லும் ஆளோ ஒருவர். எனவே ‘இரட்டை’யை எடுத்துவிடுங்கள்.

மடல் 3 – துணைத்தலைப்புத் தொழிலில் இருப்பவர்

ஐயா, தங்கள் இலக்கணத்துக்கு எதிராகப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ‘இரட்டை வேடம்’ என்று நாம் சொல்லும்போது நடிகர் ஒருவர்தான். ‘இரட்டைக் குடியுரிமை’ பெற்றவரும் ஒருவர்தான். சொல்லுக்கு முன்னால் ‘இரட்டை’ வந்தால் ஆள் இருவர் என்று எந்தப் பார்வையாளரும் நினைப்பதில்லை. இதே பகுதியில் கொலையாளியாக நடித்த பேட்ரிக் மெக்கூஹன்தான் அதை இயக்கியவரும். அவர் இரட்டைப் பொறுப்பு ஏற்றார் என்றால் இரண்டு மெக்கூஹன்களைத் தேடுவோமா? 

நான் தினமும் சந்திக்கும் சிக்கல் வேறு. ‘இரட்டை ஒற்றன்’ என்பதை வேகமாகப் படிப்பவர்கள் ‘ஒற்றை’ என்று படித்துவிடுகிறார்கள். புளியங்கொட்டையைக் கையில் மூடிக்கொண்டு ‘ஒற்றையா இரட்டையா’ என்று கேட்கும் விளையாட்டுத்தான் நினைவுக்கு வரும். செய்தித்தாள் படிப்பவர்களுக்கு ‘உளவாளி’ பழக்கமான சொல். ‘இரட்டை உளவாளி’ போதும்.

மடல் 4 – வேர்ச்சொல் ஆய்வில் ஈடுபாடுள்ளவர்

நண்பர்கள் தொல்காப்பியத்தைத் தாண்டிப் போய்விட்டதைப் பார்த்து வருந்துகிறேன். புறத்திணையியலில், வெட்சித் துறைகளைச் சொல்லுமிடத்தில், ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ என்று வருகிறது. ஆநிரை கவரப் போகும் படைக்கு முன்னால் சென்று, பக்கத்தில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் ஒற்றி அறிந்து வருவதற்குப் பெயர் ‘வேய்’. இன்றைய ‘வேவு’ இதன் வழிவந்ததே. வேய் என்பது மூங்கிலும் ஆகும்; மூங்கில் உள்ளே வெற்றிடம் உடையது, இரு முனையும் திறந்தால் குழலாகி, ஒருபுறம் ஊதியது மறுபுறம் கேட்கும். இருதரப்புக்கும் செய்தி கடத்துபவரை இதைவிடப் பொருத்தமாக எப்படிச் சொல்ல முடியும்? ‘இருவேயர்’ என்பதை முன்மொழிகிறேன். மேலும் ‘ஒற்று’ என்பதன் அடிப்பொருள் மெல்லத் தொட்டு அழுத்துதல். கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், ஒற்றடம் கொடுக்கிறோம், நிலத்தை ஒற்றிக்கு வைக்கிறோம். இவற்றைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மடல் 5 – திருவரங்கத்து அன்பர்

பெரியாழ்வார் வேயர் குலத்தில் தோன்றியவர். ‘இருவேயர்’ என்ற சொல்லைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். 

மடல் 6 – வரலாறு படிப்பவர்

சொல்லைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறோம். பொருளைப் பற்றிப் பேசவில்லை. இந்த ஆளை இரட்டை ஆக்குவது எது? அவருடைய முகமா, விசுவாசமா, வருவாயா?

1944இல் நார்மண்டிப் படையிறக்கம் எங்கே நடக்கும் என்பதில் ஜெர்மானியரைக் குழப்பியவர்களில் முதன்மையானவர், ‘கார்போ’ என்ற மறைபெயர் கொண்ட ஸ்பானியர் ஹுவான் புஜோல். ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை விருது வழங்கியது. பிரிட்டனும் அவருக்கு விருது வழங்கியது. அவர் மனம் இரண்டுபட்டதே இல்லை; அவர் தொடக்கம் முதலே ஒரே தரப்புக்குத்தான், பிரிட்டன் தரப்புக்குத்தான், உண்மையாக இருந்தார். எனவே ‘இருமுகம்’, ‘இருதலை’ எல்லாம் பொருந்தா. இருதலைப்புள், அதாவது இருதலைப் பறவை, என்றால் அகநானூற்றில் கபிலர் சொல்வதுபோல் ஓருயிராய் இயைந்த நட்பு அல்லவா? அதை எடுத்து வஞ்சகருக்குச் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

கௌடில்யர் இதற்கு ‘உபயவேதனர்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார். இரு பக்கமும் ஊதியம் பெறுபவர் என்று பொருள். அப்படி அனுப்பப்படுபவரின் மனைவி மக்களை அரசன் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அர்த்தசாஸ்திரம் கூறுகிறது. பிணை வைத்தால்தான் நம்பிக்கை என்பது அந்த நூலின் இயல்பு. மனம் எந்தப் பக்கம் என்பது யாருக்கும் தெரியாது, கூலி இரண்டு என்பது மட்டும் உறுதி. ஆகவே ‘இருகூலி ஒற்றர்’ என்று தமிழாக்கலாம். கொலம்போ தொடரின் கொலையாளிக்கும் இது சரியாகவே பொருந்தும்.

மடல் 7 – தனித்தமிழ் அன்பர்

வடமொழியிலிருந்து பொருளைக் கடன்பெறுவதை நான் எதிர்க்கவில்லை. ‘உபயவேதனர்’ என்பதை அப்படியே இறக்குமதி செய்திருந்தால் எதிர்த்திருப்பேன். ஆனால் ‘கூலி’ என்றால் இன்றைய காதுக்கு நாட்கூலிதான். மண் சுமப்பவருக்கும் மறைமுகமாக நாட்டை விற்பவருக்கும் ஒரே சொல்லா? உழைப்பவரை இழிவுபடுத்தும் கலைச்சொல் எனக்கு வேண்டாம். 

மடல் 8 – வரலாறு படிப்பவர்

‘கூலிப்படை’ என்று அன்றாடம் எழுதுகிறோமே, அப்போது யாரும் வருந்தவில்லையே?

மடல் 9 – தனித்தமிழ் அன்பர்

நான் வருந்தினேன். 2011இல் இதே குழுவில் எழுதியிருக்கிறேன், யாரும் மறுமொழி இடவில்லை.

மடல் 10 – ஓய்வுபெற்ற புலவர்

ஒரு சொல்லைத் தவறாகச் சூட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் புறநானூற்றில் 47ஆம் பாட்டு இருக்கிறது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவரை, ‘ஒற்று வந்தான்’ என்று பகையரசனான நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். பரிசிலர் வாழ்க்கை பிறருக்குத் தீங்கு அறியாதது என்று கோவூர்கிழார் பாடி அவரைக் காப்பாற்றினார். அந்தப் புலவர் இரு அரசர் ஊர்களுக்கும் போய்வந்தவர், இருவரிடமும் பரிசில் பெறக்கூடியவர். ‘இருகூலி’ என்னும் இலக்கணத்தை நெடுங்கிள்ளி படித்திருந்தால் இளந்தத்தன் தப்பியிருக்க மாட்டார். கூலியை வைத்து ஒருவரை வரையறுக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மறைவாக இருந்தாரா என்பதுதான் அளவுகோல். ‘உளவு’ என்ற சொல்லில் அந்த ‘உள்’ இருக்கிறது.

மடல் 11 – துணைத்தலைப்புத் தொழிலில் இருப்பவர்

அப்படியானால் ஐயாவும் ‘உளவாளி’ பக்கம் வந்துவிட்டார் என்று கொள்ளலாமா? இன்று வியாழன்.

மடல் 12 – மொழிபெயர்ப்பு ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ‘இரட்டை உளவாளி’க்கு உடன்பட்டார்கள், அல்லது எதிர்த்து எழுதிச் சோர்ந்துவிட்டார்கள்; இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். ‘இருகூலி’ பற்றிய குறிப்பை மாணவர்கள் வகுப்பில் அரைமணி நேரம் விவாதித்தார்கள். பொருளளவில் அதுவே நெருக்கமானது என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இரண்டு நொடியில் படிக்கும் ஒருவருக்கு அது கூலித் தகராறு பற்றிய காட்சியாகத் தோன்றிவிடும். ‘டபுள் ஏஜென்ட்’ என்று விட்ட மாணவருக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. இன்று காலை கோப்பை ஒப்படைத்துவிட்டேன்.

மடல் 13 – வேர்ச்சொல் ஆய்வில் ஈடுபாடுள்ளவர்

என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்ய வேண்டுகிறேன். ‘வேவாளி’ என்றேனும் வைத்திருக்கலாம். அதற்குப் பெரியாழ்வார் குறுக்கே நிற்க மாட்டார். ‘ஒற்றி’ பற்றிய மடல் நாளை வரும்.

மடல் 14 – ஓய்வுபெற்ற புலவர்

‘இரட்டை’ மீது எனக்கு இருந்த மறுப்பு அப்படியே இருக்கிறது. இருந்தாலும், நிலைமொழிக்குப் பின்னால் உயிர் வருவதால் ‘இரட்டை உளவாளி’யில் ஒற்று மிகவும் இடமில்லை, இரட்டவும் இடமில்லை. ஒற்றனை நீக்கியதால் மாணவர்கள் சந்திப்பிழை செய்யும் வாய்ப்பு ஒன்று குறைந்தது. மற்ற வரிகளை அனுப்பிவையுங்கள், அவற்றைப் பார்க்கிறேன்.