அம்மாவுக்கு ரெண்டு காலும் வீங்குது, பாதமும் மரத்துப் போகுது. எதனால இருக்கும்?

தேனிக்காரன்:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, சுகர் வந்து 14 வருஷம், பிரஷர் மாத்திரையும் ஓடிட்டு இருக்கு. மூணு மாசமா சாயங்காலம் ஆனா ரெண்டு கணுக்காலும் உப்பிக்குது, கொலுசு கெடந்த எடத்துல பள்ளமா தடம் விழுந்துருது, காலைல எந்திரிச்சா பாதி வத்திடுது. அதோட பாதம் மதமதன்னு இருக்காம், பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குடாங்கறாங்க. போன வாரம் ரேஷன் கடைக்குப் போயிட்டு ஒத்த செருப்போட வந்து நிக்கிறாங்க, இன்னொன்னு எங்க கழண்டுச்சுன்னே தெரியலையாம்! முதல்ல எல்லாரும் சிரிச்சுட்டோம், அப்புறம்தான் பகீர்னு ஆயிருச்சு. பக்கத்து வீட்டு அத்தை கிட்னி போயிருச்சுங்குது, சித்தப்பா வாயுங்கறார். மெடிக்கல்ல நீர் பிரியுற மாத்திரை கேட்டு வாங்கிக் குடுக்கலாமா?

வார்டு அக்கா:
தம்பி, நீர் மாத்திரையை நீங்களா வாங்கிக் குடுத்துறாதீங்க. சோடியம், பொட்டாசியம் எறங்கி தலை சுத்தி விழுந்து அட்மிட் ஆனவங்களை நெறைய பாத்துருக்கேன். அப்புறம் ஒரு விஷயம், வீக்கமும் மரத்துப்போறதும் ஒரே வியாதியாத்தான் இருக்கணும்னு இல்ல. செருப்பு கழண்டது தெரியலைன்னா அது பெரும்பாலும் சுகர்ல நரம்பு பாதிச்சதுதான், எங்க ஓபில வாரம் நாலு பேராவது இதே கதையைத்தான் சொல்லுவாங்க. ஆனா சுகருக்குக் குடுக்குற மெட்பார்மின் மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 சத்து கொறையும், அதுலயும் இதே மதமதப்பு வரும், அது சரி பண்ணக்கூடியதுங்கறதால பி12 டெஸ்ட் கேட்டு எடுங்க. நைலான் இழையை பாதத்துல அங்கங்க தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாப்பாங்க, ரெண்டு நிமிஷ வேலை, வலிக்காது.

வீக்கத்துக்கு முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டை விரலால பத்து செகண்ட் அழுத்திப் பாருங்க, குழி விழுந்தா நீர் கோத்துருக்குன்னு அர்த்தம். அதுக்கு கிட்னி, இதயம், ஈரல்னு நெறைய காரணம் இருக்கு. யூரின்ல புரோட்டீன், ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டும்), ஆல்புமின்ங்கற புரதம், தைராய்டு எல்லாம் பாக்கணும். படுத்தா மூச்சு வாங்குதா, ரெண்டு தலகாணி கேக்குறாங்களா? அப்படின்னா லேட் பண்ணாதீங்க. பிரஷருக்கு என்ன மாத்திரைன்னு சொல்லவே இல்லையே?

கோவை மாப்ள:
அக்கா கடைசில கேட்டதுதான் முக்கியம் ப்ரோ, அட்டையை எடுத்துப் பாருங்க, அம்லோடிபின்னு இருக்கா? எங்கப்பாவுக்கு அதை 5 மில்லிகிராம்ல இருந்து 10 ஆக்குனாங்க, மறுமாசமே கால் யானைக்கால் மாதிரி ஆயிருச்சு. எக்கோன்னு இதய ஸ்கேன், கிட்னி டெஸ்ட், வயித்து ஸ்கேன்னு காசு தண்ணியா போச்சு, எல்லாம் நார்மல். கடைசில வேற ஒரு டாக்டர்தான் அட்டையை வாங்கிப் பாத்துட்டு மாத்திரையை மாத்துனார், ரெண்டு வாரத்துல வத்திருச்சு. அதுக்குன்னு நீங்களா நிறுத்திறாதீங்க, பிரஷர் எகிறும். இன்னொன்னு, மதமதப்புக்கு குடுக்குற பிரிகாபலின்லயும் சில பேருக்கு கால் வீங்கும்.

மூலிகை நேசன்:
இதுக்கு எதுக்குங்க இவ்ளோ டெஸ்ட்டு. நல்லா சுடச்சுட வெந்நீர்ல கல்லுப்பு போட்டு அரைமணி நேரம் காலை முக்கி வைக்கச் சொல்லுங்க, வாழைத்தண்டு சாறு தினமும் வெறும் வயித்துல.

வார்டு அக்கா:
ஐயா கோவிச்சுக்காதீங்க, உணர்ச்சி இல்லாத காலை வெந்நீர்ல வச்சா சூடே தெரியாது. போன மாசம்தான் ஒரு அம்மாவுக்கு இப்படி வச்சு ரெண்டு பாதமும் கொப்புளம் போட்டு தோல் உரிஞ்சு வந்துச்சு. மத்தியானம் கோயில் பிரகாரத்துல கல்லு மேல நடந்து வெந்து போறவங்களும் உண்டு. வாழைத்தண்டும் கிட்னி ரிசல்ட் பாத்துட்டு அப்புறம், அதுல பொட்டாசியம் இருக்கு, கிட்னி சரியில்லைன்னா அது ரத்தத்துல ஏறிரும்.

ஜவுளிக்கடை பொண்ணு:
எனக்கு சுகரே இல்ல, 34 வயசுதான், ஆனாலும் வீங்கும். பதினோரு மணி நேரம் நின்னுக்கிட்டே சேலை பிரிச்சுப் போடுறோம்ல. டாப்ளர்னு ரத்தக்குழாய் ஸ்கேன் பாத்து வெரிகோஸ், அதாவது கால் நரம்பு புடைச்சுக்கிறதுன்னு சொன்னாங்க. உக்கார சீட்டு குடுக்கணும்னு 2021லயே நம்ம தமிழ்நாட்டுல சட்டம் வந்துருச்சு, எங்க கடைல ஸ்டூல் போட்டுருக்காங்க, உக்காந்தாத்தான் சூப்பர்வைசர் மொறைப்பார் 😄 ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி கெண்டைக்கால் வலிச்சா ரத்தம் கட்டியிருக்கலாம், அன்னிக்கே போயிறணும்னு டாக்டர் சொன்னார், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

தேனிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி, அப்டேட். அட்டையை பாத்தேன், அம்லோடிபின் 10தான், நாலு மாசம் முன்னாடி ஏத்திருக்காங்க. யூரின்ல புரோட்டீன் இல்ல, கிரியாட்டினின் 0.9, எக்கோவும் ஓகே. டாக்டர் மாத்திரையை மாத்திட்டார், கணுக்கால் எலும்பு இப்பதான் திரும்ப கண்ணுக்குத் தெரியுது. பி12 148தான் இருக்கு, ஊசி ஆரம்பிச்சாச்சு. ஆனா சுகர்னால நரம்பும் பாதிச்சுருக்கு, இழை வச்சுப் பாத்தப்போ ரெண்டு பெருவிரல்லயும் அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல. அது முழுசா திரும்புமான்னு டாக்டரே சொல்லல. இப்ப தெனமும் ராத்திரி டார்ச் அடிச்சு அடிப்பாதம் பாக்குறேன், நேத்து குதிகால்ல ஒரு முள்ளு, எப்ப ஏறுச்சுன்னு அவங்களுக்கே தெரியல. பின்னாடி வார் வச்ச செருப்பு வாங்கிக் குடுத்தா ஸ்கூல் புள்ள மாதிரி இருக்குன்னு போட மாட்டேங்கறாங்க, அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.