கோணல் சுவர் ஹாலுக்கு எந்த சோபா? அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், உதவுங்கள்

மாடிவீடு:
குரோம்பேட்டையில் 2வது மாடி, லிஃப்ட் இல்லை. மனை கோணல் என்பதால் ஹாலின் இடது சுவரும் கோணலாக ஓடுகிறது. வாசல் பக்கம் அகலம் எட்டரை அடி, பால்கனி பக்கம் 12 அடி, நீளம் 18. வலது சுவரில் சமையலறைக் கதவு, படுக்கையறைக் கதவு, நடுவில் டிவி பாயின்ட். பால்கனிக் கதவு 4 அடி, அந்தச் சுவரின் நட்ட நடுவில்.

எல் ஷேப் சோபாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஒரு கை 7 அடி, மற்றது 6. இடது பால்கனி மூலையில் போட நினைத்தோம். இப்போது டேப் பிடித்துப் பார்த்தால், எப்படித் திருப்பினாலும் பொருந்தவில்லை. அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கடையில் சோபா வேலை தொடங்க 4 நாள்தான் இருக்கிறது, அதற்குள் மாற்றிச் சொல்ல வேண்டும்.

சோபா பட்டறை:
மேடம், அந்த மூலை 90 டிகிரி இல்லை. 18 அடிக்கு மூன்றரை அடி விலகினால் மூலை சுமார் 79 டிகிரிதான் வரும். எல் சோபாவோ சரியாக 90. நீளக் கையைக் கோணல் சுவரோடு ஒட்டினால், 6 அடிக் கையின் நுனி பால்கனிச் சுவரில் இடிக்கும், மூலையில் 14 அங்குலம் காலியாக நிற்கும். துடைப்பம் போகாது, தூசியும் கரப்பானும்தான் சேரும். அதோடு பால்கனிக் கதவில் குறைந்தது 2 அடி மறைந்துவிடும்.

எல் வேண்டாம். 6 அடியில் நேர் சோபா ஒன்றைக் கோணல் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டிவியை, திருப்புகிற பிராக்கெட்டில் மாட்டினால் கழுத்து வலிக்காது.

தாம்பரத்துக்காரன்:
அந்த முக்கோணத்தை அளவெடுத்துப் பெட்டியாக அடைக்கலாமே? மேலே செடி, உள்ளே பாய் தலையணை.

மூன்றாம் மாடி:
சொந்த வீடு என்றால் சரி. நான் வாடகை வீட்டில் அப்படிச் செய்து, அடுத்த வீட்டில் அந்தப் பெட்டியை வைக்க இடமே இல்லாமல் போனது.

மேடம், ஹாலை விட்டுவிட்டு முதலில் படிக்கட்டைப் பாருங்கள். எங்கள் ஏழரை அடி சோபா படி திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டது. நிறுத்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், சுவர் பெயின்ட் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினார்கள். அதற்குத் தனிக் கூலி. கிரில் கேட் மாட்டிய பிறகு வாசலில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் அளந்துவிடுங்கள்.

அப்புறம், சோபா அளவுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டித் தரையில் விரித்து 2 நாள் விடுங்கள். நடந்து போக இரண்டரை அடியாவது வேண்டும்.

சோபா பட்டறை:
ஆமாம், படியில் ஏற்ற வசதியாக, சோபாவின் கைப்பிடிகளைக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். நீளத்தை எல்லோரும் கேட்கிறார்கள், ஆழத்தைக் கேட்பவர் குறைவு. உங்களுக்கு மொத்த ஆழம் 32 அங்குலம் போதும்; 38 வாங்கினால் அரை அடி நடைபாதை போய்விடும்.

அம்மாவுக்கு சோபாவே வேண்டாம், தனி நாற்காலி போடுங்கள். தாழ்ந்த, மெத்தென்ற சோபாவில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும், எழுவது பெரும் பாடு. உட்காரும் உயரம் 18 அல்லது 19 அங்குலம், ஃபோம் 40 டென்சிட்டி (அடர்த்தி), கை மரத்தில், முன்பக்கம் வரை நீண்டிருக்கட்டும். ரெக்சின் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் உரிந்துவிடும், துணியே நல்லது.

மாடிவீடு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. செய்தித்தாள் விரித்தேன். முதலில் எல் அளவு. விடிகாலையில் அம்மா துணி உலர்த்த பால்கனிக்குப் போகும்போது ஒரே மூலையை மிதித்துக்கொண்டே போனார். இரண்டாம் நாள் அந்த இடத்தில் தாள் கிழிந்து, ஈரக் கால்தடம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

6 அடி நேர் சோபா, 32 ஆழம், அம்மாவுக்கு ஒரு நாற்காலி. கடைக்காரர் அட்வான்ஸை இதற்கே வைத்துக்கொள்கிறேன் என்றார். சனிக்கிழமை பட்டறைக்கே போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

சோபா பட்டறை:
துணி போர்த்தும் முன்பே போங்கள். அப்போதுதான் உள்ளே மரமா பிளைவுட்டா என்று தெரியும். நாற்காலியின் கை சட்டத்தோடு சேரும் இடத்தில் வெறும் ஆணி அடித்திருந்தால் போல்ட் போடச் சொல்லுங்கள். எழும்போது அம்மா முழு பாரத்தையும் அங்கேதான் ஊன்றுவார்.