மேக்ராத் சாலைக் கால்பந்து அரங்கில் நான் சந்தித்தவர்கள்

பெங்களூரில் விளையாட்டரங்கம் என்றால் பலரும் சின்னசாமியையோ கண்டீரவாவையோ சொல்வார்கள். எனக்கோ, கருடா மாலுக்கு அருகே மேக்ராத் சாலையில் இருக்கும் கால்பந்து அரங்கம்தான் இந்த ஊரின் பொதுத் திண்ணை. பெங்களூரு எஃப்சி தன் முதல் பருவத்தில் இதையே சொந்த மைதானமாகக் கொண்டு ஆடி, அப்போது நாட்டின் முதன்மைக் கால்பந்துப் போட்டியாக இருந்த ஐ-லீக்கின் 2013-14 பட்டத்தை வென்றது. அடுத்த பருவத்தில் அந்த அணி கண்டீரவாவுக்குப் போய்விட்டது. உள்ளூர் லீக் ஆட்டங்கள் இங்கேயே தொடர்ந்தன. நான் மனிதர்களைச் சந்தித்தது அந்த ஆட்டங்களில்தான்.

வார நாள் பிற்பகல்களில் படிகளில் வந்து உட்காருபவர்களில் அல்சூர் கௌதமபுரத்துக்காரர்களும் ஆஸ்டின் டவுன்காரர்களும் நிறையப் பேர். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் கால்பந்து வீரர் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கும், தமிழர் நிறைந்த குடியிருப்பு கௌதமபுரம் என்று சொன்னால், அங்கே கால்பந்துக்கு என்ன இடம் என்பது புரிந்துவிடும்.

கால்பந்து ஆடியதாலேயே பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அங்கேயே ஓய்வும் பெற்ற பெரியவர் ஒருவர் பல நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். “தம்பி, பந்து எங்க போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும்; பந்து இல்லாத பையன் எங்க ஓடுறான்னு பாருங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் நான் ஆட்டம் பார்க்கவே கற்றுக்கொண்டேன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் நம் பெங்களூர்க்காரர் என்பதை, தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் சொல்வார். 1968-69இல், கர்நாடகம் மைசூர் மாநிலம் என்று அழைக்கப்பட்ட காலத்தில், மைசூர் அணி வென்ற, மாநில அணிகளுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பை, 54 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வீழ்த்திய கர்நாடகத்திடம் திரும்பியபோது, அவர் மைசூர்பாகு டப்பாவோடு வந்து, முன்பின் தெரியாதவர்களுக்கும் கொடுத்தார்.

என் மனத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்தவர், பெண்கள் ஆட்டம் ஒன்றில் பார்த்த ஒரு தாய். நான்கு வீடுகளில் வேலை செய்பவர். மகள் கோல்கீப்பர் என்பதால் இரண்டு வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆட்ட விதிகள் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. மைதானத்தின் மூலையிலிருந்து கோல் பக்கம் பந்தை உதைக்கும் கார்னர் கிக் வரும்போதெல்லாம் எழுந்து நின்றுகொண்டு, “அண்ணா, இப்ப ஏன் எல்லாரும் எம் பொண்ணுகிட்டயே வந்து நிக்கிறாங்க?” என்று என்னிடம் கேட்டார். நான் விளக்கினேன். இடைவேளையில் அந்தப் பெண் வேலியருகே வந்து, பூட்ஸைக் கழற்றி, செயற்கைப் புல்தரையின் கரிய ரப்பர்த் துகள்களைத் தட்டிக் கொட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அதற்குள் பின்வரிசையில் இருந்த, அந்தக் குடும்பத்தை அறியாத இளைஞர்கள், மகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டாம் பாதி முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கட்டணம் கட்டி எண்ணிட்ட இருக்கையில் அமரும் பெரிய அரங்கில் இது எளிதில் நடக்காது என்றே நினைக்கிறேன்.

அதனால்தான், அரங்குகளைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ஒளிவிளக்குகளுக்கும் விருந்தினர் மாடத்துக்கும் முன்பாக நிழலும் குடிநீரும் பெண்களுக்கான சுத்தமான கழிப்பறையும் வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். நகரின் வேறோர் மைதானத்தில், கழிப்பறை பூட்டியிருந்ததால் வீராங்கனைகளின் தாய்மார்கள் பாதி ஆட்டத்திலேயே கிளம்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு இங்கே நுழைவுச்சீட்டு கேட்டு நான் பார்த்ததில்லை. போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். வெயில் படாத படிகள் முதலில் வருபவர்களுக்கே கிடைக்கும்.