மெக்கானிக்கல் படிப்புக்கு இவ்வளவு கடன் வாங்கலாமா?

மூத்தவள்:
தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறான். கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்த்து மறுபடி பூட்டுகிறவன், அதனால் அவன் ஆசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. கணக்குதான் இடிக்கிறது. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. பெரிய கல்லூரியில் செலவு மற்றதைப் போல இரண்டு மடங்கு, அதுவும் முழுக்கக் கடன்தான். அவர்கள் சொல்லும் சராசரிச் சம்பளத்தைப் பார்த்தால் நாலைந்து வருடத்தில் அடைத்துவிடலாம் போலிருக்கிறது. அதை நம்பலாமா? ஜாமீன் கையெழுத்து நான்தான் போட வேண்டும்.

பட்டறைக்காரன்:
இயந்திரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் புதுப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை, சகோதரி. அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

அந்தச் சராசரியைத் தள்ளி வையுங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகளின் சம்பளமும் அதில் கலந்திருக்கலாம். நாலு பேர் வாங்கிய பெரிய தொகை மொத்தத்தையும் தூக்கிக் காட்டிவிடும். மெக்கானிக்கல் பிள்ளைகளை மட்டும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். வேலை கிடைக்காதவர்களையும் வரிசையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கடன். உதாரணத்துக்கு, வருடத்துக்கு 25 ரூபாய் வீதம் நான்கு வருடத்தில் 100 ரூபாய் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பம் என்று வைத்துக்கொள்வோம். தனிவட்டி போட்டாலே அன்றைக்குப் பாக்கி 135. பத்து வருடத்தில் அடைத்தால் கையை விட்டுப் போவது மொத்தம் 214.

அந்தப் பாக்கி, முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. இரண்டும் சமம் என்றால் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் தவணைக்குப் போகும். பாக்கி இரண்டு வருடச் சம்பளம் அளவுக்கு இருந்தால் 32 சதவீதம். பிடித்தம், வாடகை போக மிச்சத்தில்தான் அவன் சாப்பிட வேண்டும்.

மெக்கானிக்கலுக்கு இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் துறையில் முதல் சில வருடம் சம்பளம் குறைவு, ஆனால் தொழில் படிவது அப்போதுதான். 20 மில்லிமீட்டர் துளைக்கு வரைபடத்தில் ஹெச்7 என்ற அளவு வரம்பு போட்டிருந்தால் 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 21 பங்கு) வரை கூடலாம், துளிகூடக் குறையக் கூடாது. வகுப்பில் அது அட்டவணையில் ஒரு வரி. இங்கே துளையின் உள்ளளவைப் பார்க்கும் போர் கேஜை உள்ளே விட்டு, முள் எங்கே நிற்கிறது, கருவி தேய்ந்ததா, பாகம் சூடாக இருக்கும்போதே அளந்தோமா என்று தேடிப் பழக வேண்டும். அது நிதானமாக வரும். என்னிடம் ஒரு பெண் வந்தாள், நல்ல கை. தவணை கழுத்தை நெரித்ததால் ஏழெட்டு மாதத்தில் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வங்கி மேசை:
மேலே சொன்ன கணக்கு சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: படிக்கும்போதே ஆரம்பித்து, தவணை தொடங்கும் வரை வட்டியை மட்டும் கட்டி வந்தால் பாக்கி 100-லேயே நிற்கும். வட்டியையும் சேர்த்து மொத்தச் செலவு 214-க்குப் பதில் 194 அளவில் முடியும். தவணையும் கால்வாசி குறையும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, வட்டி மாறக்கூடியதா என்று எழுத்தில் வாங்காமல் ஜாமீன் போடாதீர்கள். தம்பியால் கட்ட முடியாவிட்டால் உங்களிடம்தான் வருவார்கள்.

டிசைன் மேசை:
எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. பெரிய கல்லூரிக்கு மெக்கானிக்கல் ஆட்களையே தேடி நிறுவனங்கள் வருகின்றன, நல்ல ஆய்வகம் இருக்கிறது என்றால் கூடுதல் கடனுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அந்த நிறுவனங்கள் என்ன வேலைக்கு எடுக்கின்றன என்று பாருங்கள். மென்பொருள் வேலைக்கே எடுத்தார்கள் என்றால் அதற்கு இவ்வளவு செலவழித்து தெர்மோடைனமிக்ஸ் படிக்க வேண்டியதில்லை.

மூத்தவள்:
இரண்டு கல்லூரியிலும் கேட்டேன். பெரிய கல்லூரியில் மெக்கானிக்கலுக்குத் தனியாகக் கணக்கு தர மறுக்கிறார்கள். அங்கே போன வருடம் முடித்த சிலரிடம் விசாரித்ததில் பாதிப் பேருக்கு மேல் மென்பொருள்தான். அவர்கள் சொன்ன சம்பளத்தோடு பார்த்தால் பாக்கி இரண்டு வருடச் சம்பளத்தையும் தாண்டுகிறது. சின்னக் கல்லூரியில் பட்டியலையே காட்டினார்கள், அங்கே ஒரு வருடச் சம்பளத்துக்குள் அடங்கிவிடுகிறது. அங்கேயே சேர்க்கிறோம். வட்டியை மாதாமாதம் நான் கட்டிவிடுகிறேன். தம்பி முகம்தான் வாடிவிட்டது.

பட்டறைக்காரன்:
வாடத்தான் செய்யும், இரண்டு நாள் விடுங்கள். முதல் விடுமுறையிலேயே பக்கத்தில் லேத், மில்லிங் இயந்திரங்கள் இருக்கும் பட்டறை எதிலாவது சேர்த்துவிடுங்கள், சம்பளம் கேட்க வேண்டாம். இரண்டாம் வருடம் முடிவதற்குள் வரைபடத்தில் இருக்கும் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) குறிகளைத் தடுமாறாமல் படிக்கட்டும். கணினியில் வரைபடம் போடும் ஏதாவது ஒரு கேட் (CAD) மென்பொருளும் கைக்கு வரட்டும். ஆள் எடுக்கும்போது நான் முதலில் வரைபடத்தைத்தான் நீட்டுவேன். சந்தேகம் இருந்தால் தம்பியையே இங்கே எழுதச் சொல்லுங்கள்.