மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கடற்பறவையா?

ஓமலூரான்:
வணக்கம். சென்ற ஞாயிறு பண்ணவாடி பரிசல்துறைக்குச் சென்றிருந்தேன். கோடையில் நீர் வடிந்து நந்தி சிலை வெளியே தெரிந்தது. அதற்கு அப்பால், தலையில் கருந்தொப்பி வைத்தாற்போன்ற வெண்சாம்பல் பறவைகள் இரண்டு, மஞ்சள் அலகைக் கீழ்நோக்கிக் குனிந்தபடி பறந்து, திடீரெனச் செங்குத்தாக நீரில் விழுந்து மீனோடு எழுந்தன. தனுஷ்கோடியில் இதே போன்ற பறவையைப் பார்த்த நினைவு. கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே அது எப்படி வந்திருக்கும்?

சேர்வராயன்:
நீங்கள் தனுஷ்கோடியில் பார்த்தது பெரிய கொண்டை ஆலாவாக இருக்க வேண்டும். மஞ்சள் அலகு, கருந்தொப்பி, செங்குத்துப் பாய்ச்சல் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. புயல்காற்றில் அடித்துவரப்பட்டு மேட்டூரில் தங்கியிருக்கலாம்.

பரிசல்துறை:
சேர்வராயன் ஐயா சொல்வதில் பாதி சரி. தனுஷ்கோடிப் பறவை கொண்டை ஆலாவேதான். மேட்டூர்ப் பறவை அதுவன்று. கொண்டை ஆலா முழுக்கக் கடலை நம்பி வாழ்வது. உப்புநீரைக் குடித்தாலும், மிகுதியான உப்பைக் கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகளின் வழியே மூக்கால் கசியவிட்டுவிடும். ஆளில்லாத தீவுகளில் நெருக்கியடித்துக் கூட்டமாக, பெரும்பாலும் ஒரே முட்டையிடும். அத்தனை முட்டைகளுக்கு நடுவில் தன் முட்டையை அதன் புள்ளிகளை வைத்தே அடையாளம் காணும் என்பது எனக்கு இன்றும் வியப்பு. மேட்டூரில் இருப்பது ஆற்று ஆலா. புயல் எதுவும் கொண்டுவரவில்லை, ஆறும் அணையும்தான் அதற்கு வீடு.

வேறுபாட்டைக் காண இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். கொண்டை ஆலாவின் கால் கறுப்பு. அலகுக்கும் கருந்தொப்பிக்கும் இடையே நெற்றி வெள்ளையாக இருக்கும். ஆற்று ஆலாவின் கால் நல்ல சிவப்பு. இனப்பெருக்கக் காலத்தில் தொப்பி அலகின் அடிவரை இறங்கியிருக்கும், வால் ஓர இறகுகளும் நீண்டு பிளந்து தெரியும்.

இன்னொன்று. நீர் வடிந்த மணல்திட்டில் சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும் பறவை இது. கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இருக்காது. நாயும் காக்கையும் ஒருபுறம், திடீர் நீர்வரத்து மறுபுறம். உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாக இதைப் பட்டியலிட்டிருப்பதற்கு இத்தகைய தொல்லைகளே காரணம். ஆகவே திட்டின் மேல் ஏறாதீர்கள். நாம் நிற்கும் வரை தாய் மேலே கத்திக்கொண்டே சுற்றும். முட்டை வெயிலில் வேகும்.

சேர்வராயன்:
திருத்தத்துக்கு நன்றி. கால் நிறத்தை நான் கேட்டிருக்க வேண்டும்.

ஓமலூரான்:
இன்று காலை மீண்டும் சென்று, கரையிலிருந்தே தொலைநோக்கியில் பார்த்தேன். கால் சிவப்புதான். பதினொரு மணி வெயிலில் ஒரு பறவை நீரை வயிற்றால் உரசிச் சென்று, ஈரம் சொட்டச் சொட்டத் திட்டுக்குத் திரும்பி, மணலில் அமர்ந்துகொண்டது. சிறிது நேரத்தில் மீண்டும் அதையே செய்தது. முட்டையைக் குளிர்விக்கத்தானே?

பரிசல்துறை:
ஆம், அதற்காகத்தான். திட்டு எந்தப் பக்கம் என்பதை மட்டும் இங்கே எழுத வேண்டாம்.